தண்ணீர் ஓடும் சாலையில் அளவுக் கம்பம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் மழை பிடித்துக்கொள்வதற்கு முன் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன். அதைச் சொல்ல நான் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் இங்கே மலேசியாவில், நம் கெடா மாநிலத்துக் கூலிமில் மின்னணுச் சில்லு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். இப்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள சாண்ட்லரில் இருக்கிறான். கடந்த ஆண்டு கோடையில் நானும் மனைவியும் அங்கே போய்த் தங்கினோம். சுற்றிலும் பாலைவனம். ஃபீனிக்சில் ஆண்டு முழுவதும் சேர்த்தாலே சுமார் 180 மில்லிமீட்டர் மழைதான். நம் கெடாவில் மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் அதைவிட அதிகம் பெய்துவிடும். 2023இல் அங்கே தொடர்ந்து 31 நாள்கள் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஊரில் மழையைப் பற்றி மனிதர்கள் பேசுகிற பேச்சு எனக்குப் புதிதாக இருந்தது.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக்காலம் என்று அந்நாட்டு வானிலைத் துறை நாள் குறித்து வைத்திருக்கிறது. கோடை வெப்பத்தில் காற்று திசை மாறி, கலிபோர்னியா வளைகுடா, மெக்சிகோ வளைகுடா பக்கமிருந்து ஈரத்தைக் கொண்டுவருகிறது. பிற்பகலில் மலைமேல் மேகம் திரளும். சாயங்காலம் அது ஊருக்குள் இறங்கும். மகன் வீட்டுக்கு எதிரே ஒரு பெரியவர் இருந்தார். பூர்வீகம் மெக்சிகோ, வளர்ந்தது டூசான் நகரில். ஜூன் 24, புனித யோவான் திருநாளில் மழை இறங்கும் என்று அவருடைய பாட்டி வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். டொஹோனோ ஓஓதாம் பழங்குடி மக்கள் சகுவாரோ கள்ளியின் பழத்தைப் பறித்து, அதன் சாற்றைப் புளிக்க வைத்துச் சடங்கு செய்து மழையை அழைப்பார்கள் என்றும் சொன்னார். மழை நெருங்கும்போது கிரியோசோட் என்ற புதரிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். மனிதர் கதவு சன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடுவார். மழை விட்ட இரவில் மண்ணுக்குள் கிடந்த தேரைகள் வெளியே வந்து ஆட்டுக்குட்டி மாதிரி கத்தின. என் மனைவிக்கு அந்தச் சத்தம் மிகவும் பிடித்துப்போனது.

ஆனால் சில நாள்களில் மழைக்கு முன்னால் புழுதி வந்துவிடும். ஒரு மாலை வீட்டிலிருந்த கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. தென்பக்கம் வானம் பழுப்பாகிக்கொண்டு வந்தது, கொஞ்ச நேரத்தில் தெருவிளக்கே தெரியவில்லை. இதெல்லாம் சின்னது என்றார் பெரியவர். 2011 ஜூலை 5ஆம் தேதி வந்த புழுதிச் சுவர் 1,500 மீட்டர் உயரத்துக்கு எழும்பி, சுமார் 160 கிலோமீட்டர் அகலத்துக்கு ஃபீனிக்சை மூடியது. அன்று அவர் நெடுஞ்சாலையில் இருந்தாராம். காரைச் சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அபாய விளக்கைக்கூடப் போடக் கூடாதாம். ஏன் என்று கேட்டேன். பின்னால் வருகிறவன் நம் விளக்கைப் பார்த்து, அதுதான் சாலை, முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பி நேரே வந்து மோதுவான் என்றார். காலமெல்லாம் லோரி ஓட்டிய எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நம் நெடுஞ்சாலையில் பெருமழை பெய்யும்போது அபாய விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! எது நிற்கிறது, எது ஓடுகிறது, எது தடம் மாறப் போகிறது என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது வெள்ளம். அந்த ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் மணல் ஓடைகள் உண்டு. பல இடங்களில் பாலம் இல்லாமல் சாலை அப்படியே ஓடைக்குள் இறங்கி ஏறும். எங்கோ தூரத்து மலையில் மழை பெய்தால் போதும். வெயிலில் இறுகிப்போன மண் தண்ணீரை உடனே குடிக்காது. நம் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழாதபோதே சேறும் கிளையுமாக வெள்ளம் வந்து நிற்கும். அதனால் வெள்ள நேரத்தில் இறங்காதே என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். 1995இலிருந்து ஒரு சட்டமும் இருக்கிறது. தடுப்பைத் தாண்டி வெள்ளத்தில் ஓட்டிச் சிக்கிக்கொண்டால், மீட்புச் செலவை ஓட்டியவரே கட்ட வேண்டும். சிறிய காரைத் தூக்க 30 சென்டிமீட்டர் தண்ணீர் போதும் என்பது அங்கே பலருக்குத் தெரிந்திருக்கிறது. "தாத்தா, தண்ணி ஓடுற ரோட்டுல இறங்கக் கூடாது, திரும்பிடணும்" என்று என் பேத்தி பள்ளியில் படித்ததை எனக்குச் சொன்னாள். அங்கேயும் தடுப்பைத் தாண்டிப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தெரியாமல் போகிறவர்கள் குறைவு.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நான் இருப்பது பாடாங் செராய். சில வாரங்களுக்கு முன் பெய்த பெருமழையில், பக்கத்துத் தோட்டச் சாலையின் பள்ளத்தில் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளோடு இழுத்துச் செல்லப்பட்டார். செம்பனை மட்டை ஒன்று கைக்குக் கிடைத்ததால் உயிர் தப்பினார். நான் குலை ஏற்றிக்கொண்டு போய் வந்த சாலை அது. தண்ணீர் கலங்கி ஓடும்போது அந்தப் பள்ளம் கணுக்காலளவா, இடுப்பளவா என்று அங்கேயே பிறந்தவனுக்கும் தெரியாது. அவர் பொறுப்பில்லாத பிள்ளை இல்லை. இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது, போகும் வழி அது ஒன்றுதான்.

இதே கெடாவில், 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் வட்டாரத்தில் மலையிலிருந்து மரக்கட்டையும் சேறுமாக இறங்கிய வெள்ளத்தில் மூவர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் 2021 டிசம்பரில் நம் மக்கள் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்ததையும் மறக்கவில்லை. வானிலை எச்சரிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எங்கள் பெரியவர்களுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) யாரோ அனுப்பும் வதந்திதான் முதலில் வந்து சேர்கிறது.

ஆகவே இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒரு முறையாவது, ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள், பெருமழையில் கண் தெரியாவிட்டால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள் என்பதை எளிய தமிழில், பெரிய எழுத்தில், தங்கள் முதல் பக்கத்திலேயே போடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அதை வெட்டி எடுத்து வகுப்பில் ஒட்டிவிடுவார்கள், பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்வார்கள். அப்புறம், தோட்டச் சாலைகளில் தண்ணீர் ஏறும் ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் அளவுக் கம்பம் நட வேண்டும். 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தால் போதும். கோடு மறைந்துவிட்டால் கார்கூடப் போகக் கூடாது. மோட்டார் சைக்கிள்காரர்கள் தண்ணீர் கோட்டுக்கு ஏறும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், ஓட்டத்தைப் பார்த்ததுமே திரும்பிவிடட்டும். எங்கள் சாலையில் நடுவதற்கு இரும்புக் குழாயும் பெயிண்டும் நானும் இன்னும் சில ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர்களும் வாங்கித் தருகிறோம். சாலைக்குப் பொறுப்பானவர்கள் இடத்தைக் காட்டி, நடுவதற்கு அனுமதி கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர்,
பாடாங் செராய், கெடா.