பக்கத்து நாட்டு லாபத்தை எப்படி அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இந்தியா, வங்கதேசம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் ஆடைத் தொழில் லாபத்தை ஒரே அட்டவணையில் வைத்து உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சேலத்தில் சிறிய ஜவுளி நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. லுங்கி, துண்டு, ரெடிமேட் சட்டை என்று பலருடைய பேரேடுகளும் என் மேசைக்கு வரும். அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் இருந்த லாப சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வங்கதேசத்து முதலாளிக்குத் தொழில் தெரியும், நம்மவருக்குத் தெரியவில்லை என்கிற முடிவுக்குக் கட்டுரை போனது சரியாகப் படவில்லை. அந்த எண்ணில் முதலாளியின் சாமர்த்தியம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வரி, வட்டி, நாணயம்.

சுங்க வரியை முதலில் எடுத்துக்கொள்வோம். மிகவும் பின்தங்கிய நாடு என்ற முறையில் வங்கதேசத்து ஆடைகளுக்கு 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி கிடையாது. நம் ஆடைகளுக்கு அதே சந்தையில் 9 முதல் 12 சதவீதம் வரை இருந்து வந்திருக்கிறது. ஆயத்த ஆடையில் பல நேரம் லாபமே ஒற்றை இலக்கம்தான் என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இலங்கைக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்திருந்த ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச் சலுகை 2010-ல் பறிபோய், 2017-ல்தான் திரும்பக் கிடைத்தது. அந்த ஏழு ஆண்டும் அங்கே தைத்தவர்கள் அதே ஆட்கள், அதே தையல். வரி மட்டும் கூடியிருந்தது. வருமான வரியும் அப்படித்தான். வங்கதேசத்தில் ஏற்றுமதி ஆடை ஆலைக்கு 12 சதவீதம். நம் ஊரில் ஒரு கூட்டு நிறுவனம் 30 சதவீதமும், அதன் மேல் செஸ்ஸும் கட்டுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் கட்டுரையில் வரவே இல்லை. தொழிலில் போட்ட முதல் (மூலதனம்) எப்படிச் சுழல்கிறது என்பதைச் சொல்கிறேன். டாக்காவில் ஓர் ஆலைக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தால், வாங்குபவரின் வங்கி கொடுத்த எல்.சி.யை (பணம் தருவதாக வங்கி எழுதிக் கொடுக்கும் உறுதிக் கடிதம்) காட்டி உள்ளூர் வங்கியில் இன்னொரு எல்.சி. திறந்து நூலும் துணியும் வரவழைக்கலாம். பேக் டு பேக் எல்.சி. என்பார்கள். சட்டை கப்பலேறி டாலர் வந்த பிறகு சரக்குக்கான பணம் அதிலிருந்து கழியும். பாண்டட் கிடங்கு வசதி இருப்பதால், ஏற்றுமதிக்காக வந்த துணிக்கு இறக்குமதி வரியும் கட்ட வேண்டியதில்லை. முதலாளியின் சொந்தப் பணம் அதிகம் முடங்காது.

இங்கே ஜலகண்டாபுரத்தில் தறி போட்டிருப்பவர் நூல் கடைக்கு ரொக்கமாகவோ பதினைந்து, முப்பது நாளிலோ பணம் கொடுத்தாக வேண்டும். பாவு ஓட்ட, சாயம் போட, வாரக்கூலி கொடுக்க என்று கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். துணியை எடுத்த மொத்த வியாபாரி அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இழுப்பார். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது என்ற, வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குப் பயந்து, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிவு செய்யாத தறிக்காரர்களிடம் கொள்முதலை மாற்றிக்கொண்ட வியாபாரிகளையும் பார்த்தேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் முதலை ஆண்டுக்கு இரண்டு முறை சுழற்றுகிறவர், விற்பனையில் பத்து சதவீதம் லாபம் பார்த்தால் மிஞ்சுவது இரண்டு லட்சம். அதே பத்து லட்சத்தை ஆறு முறை சுழற்றுகிறவருக்கு ஐந்து சதவீதம் கிடைத்தாலே மூன்று லட்சம் மிஞ்சும். உங்கள் அட்டவணையில் முதலாமவர் மேலே இருப்பார். வீட்டுக்கு அதிகம் கொண்டுபோகிறவர் இரண்டாமவர்.

நாணயத்துக்கு வருகிறேன். 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 86 டாகா (வங்கதேச நாணயம்). 2024 முடியும்போது சுமார் 120. நூறு டாலருக்குச் சட்டை அனுப்பியவர், 8,600 என்று வரவு வைத்த இடத்தில் 12,000 என்று வைப்பார். அனுப்பியது அதே சட்டைதான். இலங்கையில் 2022-ல் சில மாதங்களுக்குள் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. அந்த செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டில் 70 சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தது. அப்படிப்பட்ட ஆண்டின் ஐந்தொகையை நம் ரூபாய் லாபத்துக்குப் பக்கத்தில் வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? வங்கதேசத்தில் 2020 ஏப்ரலிலிருந்து கடன் வட்டிக்கு 9 சதவீத உச்சவரம்பு இருந்தது, 2023-ல் எடுத்துவிட்டார்கள். 2025-ல் அவர்கள் நம் நூலுக்கும், நாம் அவர்கள் ஆடைக்கும் தரைவழியை அடைத்தோம். எந்த ஆண்டுக் கணக்கு என்று சொல்லாமல் லாபம் பேசவே கூடாது.

நம் பக்கத்துக் கணக்கையும் சும்மா விடக் கூடாது. நான் கணக்கு எழுதும் ஒரு வீட்டில் ஆறு விசைத்தறி. காலையில் கணவர், மதியத்துக்கு மேல் மனைவி, தார்க் குச்சியில் நூல் சுற்றுவது மாமியார். கூலிக் கணக்கில் மூன்று பேருக்கும் ஒரு ரூபாய் கிடையாது. தறிக்கூடம் வீட்டோடு சேர்ந்தது, அதனால் வாடகை இல்லை. இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. 2023-க்கு முன்பு அது 750. மார்ச் முடிந்து லாபம் என்று நான் எழுதிக் கொடுக்கும் தொகையை, வெளியே தறி ஓட்டினால் கிடைக்கும் கூலி என்று மூன்று பேருக்கும் பிரித்தால் பற்றாது. அந்தக் குடும்பத்தின் உழைப்புக்குக் குறைந்த கூலி கிடைத்திருக்கிறது; லாபம் என்று ஒன்று வரவே இல்லை. உள்ளூரில் விற்கும் இந்தக் கணக்கையும், வெளிநாட்டுக்கு அனுப்பும் டாக்கா பக்கத்துக் காஜிப்பூரில் உள்ள ஒரு பெரிய ஆலையின் கணக்கையும் ஒரே வரிசையில் போடுவது எப்படிப் பொருந்தும்?

ஏட்டில் எழுதாமல் விட்ட செலவுகளும் லாபமாகத்தான் தெரியும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவரில், ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்திருந்தது. அந்தக் கட்டடத்தில் இருந்த ஆலைகளின் அதுவரையிலான லாபத்தில், பாதுகாப்புக்குச் செய்யாத செலவும் சேர்ந்திருந்தது. சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் விட்டாலும் லாபம் கூடும். டாக்கா பக்கத்துத் துராக் ஆற்றில் நடந்தது அதுதான். நம் சேலத்துத் திருமணிமுத்தாற்றிலும் அதேதான் நடந்தது. கரையில் கிணறு கெட்டுப்போன விவசாயியின் நஷ்டம் ஏதோ ஒரு சாயப்பட்டறையின் ஏட்டில் வரவாக ஏறியிருக்கிறது.

இவ்வளவு தூரம் எழுதக் காரணம் இருக்கிறது. தீபாவளிக்கு முன் போனஸ் பேசும்போது இந்த மாதிரி அட்டவணைகள்தான் வெளியே வருகின்றன. நான் போய்வரும் ஓரிடத்தில் இப்படி ஒரு பக்கத்தைக் காட்டி, “அங்கே கூலி கம்மி, அதனால் லாபம். நீங்க கூடக் கேட்டா நான் எங்கே போவேன்?” என்றார் முதலாளி. எதிரே நின்றவர்களுக்குப் பதில் தெரியவில்லை. அங்கே கூலி குறைவுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 2023 டிசம்பரில் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 8,000 டாகாவிலிருந்து 12,500 ஆனது. அதனால் அவர்கள் ஏற்றுமதி நின்றுவிடவில்லை. வரியில்லாத சந்தையும், சுழலும் முதலும், பெரிய ஆலைகளும் அவர்களைத் தாங்குகின்றன. சேலத்துத் தறிக்காரரின் மீட்டர் கூலியில் ஐம்பது காசு பிடித்து அந்த இடைவெளியை அடைக்க முடியாது. அப்படி அடைக்கலாம் என்று நம்ப வைக்கும் எழுத்து, கூலிக்காரர்களுக்கு நேராகப் பாதகம் செய்கிறது.

பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற ஐ.நா. 2026 நவம்பர் 24-ஐக் குறித்திருக்கிறது. ஐரோப்பாவில் வரிச் சலுகை 2029 வரை தொடரும். அதற்குள் ஒரு முறை இந்த ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்து வெளியிடுங்கள். மொத்தத் தொழிலும் வேண்டாம், ஒரு பருத்திச் சட்டை போதும். நூலிலிருந்து சாயம், தையல், மின்சாரம், வட்டி, கப்பல், சுங்கம் வரை மூன்று நாட்டிலும் என்ன ஆகிறது என்று டாலரில் போடுங்கள். எந்த ஆண்டு, வீட்டு ஆட்களின் உழைப்புக்கு என்ன கூலி வைத்தீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். சேலத்துக் கணக்கு வேண்டுமென்றால், பெயர் போடாமல் இருந்தால் தருவதாக இரண்டு, மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.