வீட்டு உரிமையாளர் சங்கம், தண்டையார்பேட்டை வட்டாரம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த அங்கத்தினர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார், அதில் நான் கை வைக்கவில்லை. செயற்குழு மாதாமாதம் கூடியது. மே மாதம் மட்டும் கோரம் சேரவில்லை, பாதிப்பேர் ஊருக்குப் போயிருந்தார்கள்.

ஆண்டு முழுக்க என்னைத் தேடி வந்தவர்கள் கேட்டது பெரும்பாலும் இரண்டு கேள்விதான். ஒன்று, "நம்ம வீடு இப்ப என்ன விலை போகும், சார்?" இன்னொன்று, "சீலிங் பெயர்ந்து விழுது, நல்ல கொத்தனார் யாராவது இருக்காங்களா?" முதல் கேள்வியைச் சிரித்துக்கொண்டும் இரண்டாவதை முகம் சுளித்துக்கொண்டும் கேட்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. ஆகவே அறிக்கையில் பாதிக்கு மேல் இதற்கே போய்விட்டது. பொறுத்துக்கொள்ளவும்.

விலை ஏறியிருப்பது உண்மைதான். ஒரு காலத்தில் தண்டையார்பேட்டை என்றால், "கன்டெய்னர் லாரி ஓடுற பக்கமா?" என்று கேட்டு நகர்ந்தவர்கள் இன்று தாமாகவே வருகிறார்கள். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் காற்று மாறியது. சுமார் 9 கிலோமீட்டர்தான். ஆனால் சென்ட்ரலுக்கும் விமான நிலையத்துக்கும் இங்கிருந்தே உட்கார்ந்து போகலாம் என்பது பெண் கொடுப்பவர்கள் வரைக்கும் பேச்சாகிவிட்டது. 2023இல் 1000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம் அதற்குப் பிறகு பல மடங்கு பெருத்திருக்கிறது. பெரம்பூரில் பின்னி மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியதைப் பார்த்தவர்கள், நம் அரை கிரவுண்டையும் (1,200 சதுர அடி) அதே கண்ணால் பார்க்கிறார்கள். தெருவுக்கு நாலு புரோக்கர்.

ஆனால் பக்கத்துத் தெருவில் என்ன விலை போனதோ அதுவே நமக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். நம்மிடம் வாங்க வருபவர்கள் இரண்டு வகை. குடியிருக்க வாங்குபவர் வங்கிக் கடனில் வருவார். வங்கி வக்கீலின் கண் பத்திரத்தில்தான் இருக்கும். கட்டி விற்க வாங்குபவர் தெருவின் அகலத்தை டேப் பிடித்து அளப்பார். இவருக்கு உங்கள் கட்டடம் கணக்கிலேயே இல்லை. ஐம்பது வருஷ வீட்டுக்கு நிலத்தின் விலைதான். போன வருஷம் நாலு லட்சம் செலவழித்து முகப்பில் டைல்ஸ் ஒட்டிய நம் அங்கத்தினர் ஒருவருக்கு இது தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. மெட்ராஸ் ஒட்டு (மர உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய தளம்) வீடாக இருந்து உள்ளே நல்ல தேக்கு உத்தரம் கிடந்தால், இடிக்கிறவர் அதற்கு ஒரு விலை கொடுப்பார். அவ்வளவுதான்.

பத்திர விஷயத்தில் நம் ஆட்கள் காட்டும் அலட்சியம் சொல்லி மாளாது. சங்கத்துக்கு வந்த நகல்களைப் புரட்டிப் பார்த்தேன். வரி ரசீது பேரன் பேரில், மின் இணைப்பு அப்பா பேரில், நகர நில அளவைப் பதிவேட்டில் இன்னும் தாத்தா பேர். தாத்தா காலமாகி முப்பது வருஷம். விற்கிற அன்றைக்கு இதைச் சரிசெய்ய ஓடினால், வாங்க வந்தவர் காத்திருக்க மாட்டார். வாரிசுச் சான்று வாங்கி, தாலுகா ஆபீசில் பெயர் மாற்றி, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், விற்கிற எண்ணமே இல்லாவிட்டாலும். கோயில் நிலம், டிரஸ்ட் நிலம் என்று ஒரு வாசனை இருந்தால்கூடப் பதிவுத்துறை கதவைச் சாத்திவிடும்.

வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வையும் அதோடு சேர்ந்த கூடுதல் தீர்வையும் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு (அரசு குறித்து வைத்திருக்கும் விலை) 60 லட்சம் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம் அங்கேயே போய்விடும். பேரம் பேசும்போது அவர் கையில் எவ்வளவு இருக்கும் என்பதை இதைக் கழித்துவிட்டு யோசியுங்கள். விற்பவர்களுக்கு ஒன்று: 2024 ஜூலை 23க்கு முன்னால் வாங்கிய வீடானால், மூலதன ஆதாய வரியை 12.5 சதவீதமாகவோ, வாங்கிய விலையை விலைவாசிப் புள்ளிக்கேற்ப உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதமாகவோ, எது குறைவோ அதைக் கட்டலாம். ஆடிட்டரிடம் இரண்டு கணக்கையும் போடச் சொல்லுங்கள். ஒரு கணக்கோடு நிறுத்திக்கொள்கிற ஆடிட்டர்களும் உண்டு.

நிலம் நம்முடையது, கட்டுவது பில்டர், வீடுகளில் "ஐம்பதுக்கு ஐம்பது" என்று வருகிற கூட்டு ஒப்பந்தம் பற்றி எச்சரித்தே ஆகவேண்டும். நிலம் 500 சதுர மீட்டரையும் வீடுகள் எட்டையும் தாண்டாவிட்டால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயமில்லை. நம் அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு எல்லாம் அந்த வலைக்குள் வராது. அதாவது நமக்குக் காவல் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டும்தான். எத்தனை மாதம், தாமதமானால் நம் வாடகையை யார் கொடுப்பது, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு நமக்கு எத்தனை சதுர அடி என்று எழுத்தில் இல்லாமல் பவர் பத்திரத்தில் (நமக்காகச் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கையெழுத்துப் போடவே கூடாது.

இனி சீலிங்குக்கு வருகிறேன்.

போன ஐப்பசியில் என் வீட்டுச் சமையலறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைத் துண்டு விழுந்தது. நல்ல வேளை, அப்போதுதான் என் மனைவி தாளித்துவிட்டு நகர்ந்திருந்தார். தூக்கிப் பார்த்தால் மேல் பக்கம் கம்பியின் அச்சு அப்படியே பதிந்திருந்தது, அதன் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு. மறுநாள் வந்த காண்ட்ராக்டர் சிமென்ட்டைக் குழைத்துப் பூசி, பெயின்ட் அடித்து, இரண்டே நாளில் பணம் வாங்கிக்கொண்டு போனார். பங்குனியில் அதே இடம், இந்த முறை தட்டு அகலத்துக்கு விழுந்தது. தப்பு அவருடையது மட்டுமில்லை. மேலே மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குவதைப் பார்க்காமல் கீழே பூசச் சொன்ன நானும்தான்.

நம் பகுதியில் இது ஏன் இவ்வளவு சகஜம்? கடல் கூப்பிடு தூரத்தில். காற்றில் உப்பு, போர்வெல் தண்ணீரிலும் உப்பு. அந்தத் தண்ணீரில் கான்கிரீட் கலந்திருந்தால் துரு கட்டும்போதே உள்ளே குடிவந்துவிடுகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் காரையைக் கீழே தள்ளும். கம்பிக் கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது. கடற்கரைக் காற்று நேராகப் படுகிற கான்கிரீட்டில் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடுகிற கான்கிரீட்டின் கனம்) இருக்கவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நம் கொத்தனார்கள் கம்பிக்கு அடியில் கையில் கிடைத்த ஜல்லித் துண்டை வைத்துவிட்டுப் போவார்கள். புதிதாக மாடி எடுப்பவர்கள், கவர் பிளாக் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். கான்கிரீட்டுக்கும் நீராற்றுவதற்கும் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரிய) லாரித் தண்ணீரைப் பிடியுங்கள். லாரிக்காசு மிச்சம் பிடித்தால் பத்து வருஷத்தில் கம்பி அதை வாங்கிக்கொள்ளும்.

பழைய தளத்துக்கு வைத்தியம், வரிசை மாறாமல்: முதலில் மேலே. ஒழுகலை நிறுத்தி, வெதரிங் கோர்ஸில் (மொட்டை மாடியில் வெயில் மழை தாங்கப் போட்ட மேல் அடுக்கு) விரிந்த ஓட்டு இடுக்குகளை அடைத்து, தண்ணீர் குழாய் வாய்க்கு ஓடுகிற மாதிரி சரிவு பார்க்க வேண்டும். அது உலர்ந்த பிறகு கீழே. சின்னச் சுத்தியலால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் "டங்" என்னும், கெட்ட இடம் பானையைத் தட்டினது போல "டொப்" என்னும். டொப் என்கிற இடமெல்லாம், கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு கொத்தி எடுக்கணும். வயர் பிரஷ்ஷால் கம்பி பளபளக்கிற வரை தேய்த்து, துருத் தடுப்பு பிரைமர் அடிக்கணும். கம்பி இளைத்துவிட்டிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டணும். அதற்குமேல் பாலிமர் கலந்த கலவையை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளணும். இரண்டு நாளில் முடிகிற வேலையில்லை இது. முடிகிறது என்று யாராவது சொன்னால் என் சமையலறையை வந்து பார்க்கலாம்.

மெட்ராஸ் ஒட்டு வைத்திருப்பவர்கள் மேலே சிமென்ட் போட்டு மெழுகாதீர்கள். அது சுண்ணாம்புக் கட்டு, மூச்சு விடணும். சிமென்ட் மூடினால் ஈரம் உள்ளேயே நின்று உத்தரத்தை அரிக்கும். 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதை ஒட்டின் நடுவில் வைக்காமல் சுவர்மேல் பாரம் இறங்குகிற மாதிரி வையுங்கள். சோலார் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் கிடைக்கிறது என்று ஆசைப்படுகிறவர்களும் மாடியை முதலில் தட்டிப் பார்த்துவிடுங்கள். பேனல் போட்ட பிறகு வெதரிங் கோர்ஸ் பார்ப்பது இரட்டைச் செலவு.

வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருத் தண்ணீர் எந்தெந்த வீட்டுக்குள் எந்தப் படி வரை வந்தது என்பது இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் வீடுகள் பள்ளத்தில் இறங்கியதுதான் மூல காரணம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். அந்தச் செய்தியின் நகலை இணைத்து இந்த ஆண்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம். ஒன்றுக்குப் பதில் வந்தது: "பரிசீலனையில் உள்ளது."

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாமா என்று நாலைந்து பேர் கேட்டார்கள். தனிச் சுவரோடு நிற்கிற வீட்டுக்கு அது நடக்கும். பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கிட்டுக்கொண்டு ஒட்டி நிற்கிற நம் வரிசை வீடுகளில் ஒன்றை மட்டும் தூக்குவது என்பது என் வரையில் வம்பை விலைக்கு வாங்குவது. அதைவிடச் செலவு குறைந்தவை இருக்கின்றன. சம்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின்) வாயை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுங்கள். கழிவுநீர்க் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், வெள்ளத்தன்று சாக்கடை கழிவறை வழியாகத் திரும்பி வராது. மீட்டர் போர்டை மேலே ஏற்றுங்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் தூர் வாருங்கள். 2003இல் கட்டாயமாக்கியபோது கட்டியதை அதற்குப் பிறகு திறந்தே பார்க்காத வீடுகள் நம்மில் எத்தனை என்று நான் கேட்கப்போவதில்லை.

சொத்து வரி: அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய் வரை தள்ளுபடி. அடுத்த கெடு அக்டோபரில். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அது கட்டாயம். பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்கள், சட்டம் மூன்று மாதத்தைத்தான் பொது அளவாக வைத்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லீஸுக்கு (மாத வாடகைக்குப் பதில் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு) விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாங்கிய தொகையைத் தொட்டுவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்கிற நாளில் சங்கம் கடன் கொடுக்காது.

பாக்கி நிற்பவை: தெருமுனை மின்கம்பம் சாய்ந்தது சாய்ந்தபடியே. மழைநீர் வடிகாலில் மூடியில்லாத இடத்துக்குக் கல் போட்டிருக்கிறோம், அது நிரந்தரம் இல்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் பட்டியல் பொருளாளரிடம் உள்ளது. நான் படிக்கவில்லை, அவரும் இன்று படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செயற்குழு வாங்கிய ஏணியும் சுத்தியலும் என் வீட்டு வாசலில் இருக்கின்றன. புரட்டாசி முடிவதற்குள் அவரவர் சீலிங்கைத் தட்டிப் பார்க்க எடுத்துப்போகலாம். ஏணி பதினாலு அடி, தூக்க இரண்டு பேர் வரவேண்டும். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுக்கவும். போன முறை சுத்தியல் ஒன்று திரும்பவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்