பச்சைக் குழந்தைக்குச் சொட்டு மருந்து ஏன் தரவில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மயிலாடுதுறை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். கண் பொங்கிய பச்சைக் குழந்தைக்கு மருந்து கேட்டு வந்தவர்களை நம் கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறது. அனுப்பியது உண்மைதான். ஆனால் அவர்கள் கேட்டது என்ன என்பது அதில் இல்லை.

பெரிய பையனுக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது டாக்டர் எழுதிய சொட்டு மருந்தின் காலி பாட்டிலைக் காட்டி, அதையே இன்னொன்று கேட்டார்கள். அதில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் இருக்கிறது. போட்டதும் சிவப்பு அடங்கும். அதனால்தான் ஜனங்களுக்கு அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை. உள்ளே இருக்கும் கிருமிக்கோ அது சாதகமாகிவிடலாம். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரைகூட விழலாம். ஷெட்யூல் எச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டமே இல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டோம்.

பிறந்து 28 நாளுக்குள் கண் இமை வீங்கி, சிவந்து, பீளை தள்ளினால் அதைச் சாதாரணக் கண் வலி என்று விடவே கூடாது. பிரசவத்தின்போது தொற்றும் சில கிருமிகள் கருவிழியைச் சீக்கிரமே புண்ணாக்கிப் பார்வையைப் பறித்துவிடும். தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இருந்திருக்கலாம், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில கிருமிகளுக்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது. ஊசியோ வாய்வழி மருந்தோ வேண்டும். எந்தக் கிருமி என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதனால்தான் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தோம். ஆட்டோவுக்குக் காசு கொடுத்ததும் நாங்கள்தான்.

"காசு பார்க்கிற கடை" என்று அந்தப் பதிவில் ஒரு வார்த்தை வருகிறது. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம், இதைத்தான் தாங்க முடியவில்லை. பாட்டிலை விற்றிருந்தால்தானே காசு? விற்காமல் அனுப்பியதில் எங்களுக்கு என்ன வந்தது? மாமனார் காலத்திலிருந்து, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்தவர்களிடம் கையில் இருப்பதைக் கொடுங்கள், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியே பழகிய கடை இது. குத்தாலம், மணல்மேடு, செம்பனார்கோயில் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இது தெரியும். பதிவைக் கேட்டுவிட்டு, "நீங்க செஞ்சதுதான் சரி" என்று கடைக்கே வந்து சொன்னவர்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

ஐப்பசி மழையும், மாதக் கடைசியில் காவிரியில் முழுக வரும் கடைமுழுக்குக் கூட்டமும் சேர்ந்து வருகிற காலம் இது. துலாக்கட்டப் படித்துறையில் முழுகிவிட்டு ஒரே துண்டில் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் துவட்டுவோம். மெட்ராஸ் ஐ பார்ப்பதால் ஒட்டாது. கையாலும் துண்டாலும் தலையணை உறையாலும்தான் ஒட்டுகிறது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கினாலும் ஒட்டும். பிள்ளை பார்க்க வருகிற உறவுக்காரர்களுக்குக் கண் சிவந்திருந்தால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, தொட விடாதீர்கள். மற்றவர்களும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சானிடைசர் மெட்ராஸ் ஐ வைரஸுக்குச் சோப்பளவு நம்பகமில்லை. தாய்க்கே கண் வலி வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கை கழுவிவிட்டுக் கொடுக்கலாம். துண்டை மட்டும் தனியாக வையுங்கள்.

டாக்டரிடம் போகும்வரை, கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைக்கலாம். அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ கண்ணில் விட வேண்டாம். கண் மை விற்பதையும் நிறுத்திவிட்டோம். திருஷ்டிக்குக் கன்னத்தில் ஒரு பொட்டு போதுமே. சிவப்பில்லாமல் வெறும் கண்ணீர் வடிந்தால் கண்ணீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் சரியாகும். இருந்தாலும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

எங்கள் ஃபார்மசிஸ்ட் தம்பி வெளியூர் வேலைக்குப் போயிருப்பதால், புது ஆள் வரும்வரை கடை இரவு 8 மணி வரைதான், ஞாயிறு விடுமுறை.

வீட்டில் பழைய சொட்டு மருந்து இருந்தால் எடுத்து வாருங்கள், தேதி பார்த்துச் சொல்கிறோம். திறந்து ஒரு மாதம் தாண்டியதை யாருக்கும் போடாதீர்கள்.

இத்தனை காலமும் நம்பி வந்த உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக் கடை