கோவை வீட்டுவழிக் கல்விப் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

2024–25ஆம் ஆண்டில் சங்கம் ஆற்றிய பணிகள் குறித்த இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டின் அறிக்கை நீளம் என்று சிலர் கூறியது நினைவில் இருக்கிறது. ஆகவே வழக்கமான நிகழ்ச்சிகளைச் சுருக்கி, சொல்லியே ஆக வேண்டியவற்றுக்கு இடம் ஒதுக்கியுள்ளேன்.

ஜூலையில் அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்குச் சென்றுவந்தோம். இளம் வயதிலேயே பள்ளியை விட்ட ஒருவரின் கண்டுபிடிப்புகளைப் பார்த்ததும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் நமது கொள்கை நிரூபணமாகிவிட்டதாக உறுப்பினர்கள் சிலர் மகிழ்ந்தனர். எனக்கு அது அவ்வளவு எளிதான வாதமாகத் தோன்றவில்லை. செப்டம்பரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் பார்த்தோம். சரஸ்வதி பூஜையை ஒட்டிப் பழைய பாடநூல் பரிமாற்றம் நடந்தது. டிசம்பரில் திட்டமிட்டிருந்த ஆனைகட்டிப் பயணம் மழையால் கைவிடப்பட்டது. பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. கோலப் போட்டி முடிவு குறித்து வந்த முறையீடு செயற்குழுவில் பேசி முடிக்கப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, நான் பொறுப்பேற்று நடத்திய கால அட்டவணைச் சீரமைப்புத் திட்டமாகும். அது தேவையா என்று இன்றும் கேட்பவர்கள் இருப்பதால் சற்று விரிவாகவே கூறுகிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் நம் வீடுகளில் ஒரு சார்ட் பேப்பர் பீரோக் கதவில் ஏறுகிறது. காலை 9 மணிக்குப் பிரார்த்தனை, பிறகு நாற்பது நிமிடப் பீரியடுகள், இடைவேளை, மாலையில் விளையாட்டு என்று வண்ணப் பேனாவில் எழுதப்பட்டிருக்கும் அந்த அட்டவணை ஆடி பிறப்பதற்குள் பொய்யாகிவிடுகிறது. கேஸ் சிலிண்டர் வருகிறது, மாமனாருக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கைக்குழந்தைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து உறவினர் வந்து நான்கு நாள் தங்குகிறார்கள். இரண்டு வாரம் இப்படிப் போனதும், பெரும்பாலும் தாய்மார்கள், "எங்களால் முடியவில்லை, பள்ளியிலேயே சேர்த்துவிடலாமா" என்று எனக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். அவர்களிடம் குறை ஏதுமில்லை என்பதே என் உறுதியான கருத்து. மணி அடித்து வகுப்பு மாற்றும் முறை, பல ஆசிரியர்களும் பல வகுப்பறைகளும் உள்ள ஒரு கட்டடத்தை நிர்வகிக்க ஏற்பட்டது. ஒரே ஆள் சமையலும் செய்து கணக்கும் சொல்லிக்கொடுக்கும் வீட்டில் அதற்கு வேலையில்லை.

முதலில் நேரக் கணக்கைத் தெளிவுபடுத்த விரும்பினேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணி நேரமும், 6 முதல் 8 வரை 220 நாட்களும் 1000 மணி நேரமும் வேண்டும் என்கிறது. பள்ளிகளுக்காக வகுக்கப்பட்ட அளவு இது, வீட்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குக் கோடை விடுமுறை, சனிக்கிழமை விடுமுறை என்ற கட்டாயமில்லை. 800 மணி நேரத்தை 300 நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 2 மணி 40 நிமிடமே வருகிறது. 1000 மணி நேரத்துக்கு 3 மணி 20 நிமிடம். இதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டிய அன்று கூட்டத்தில் எழுந்த பெருமூச்சை வந்திருந்தவர்கள் அறிவார்கள். வராதவர்களுக்காகவே இங்கே மீண்டும் எழுதுகிறேன்.

இந்தக் கணக்கின் மேல்தான் திட்டம் அமைந்தது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டிய பாடங்களை, அதாவது கணக்கையும் தமிழ் வாசிப்பையும், காலைச் சிற்றுண்டி முடிந்த கையோடு வைத்துக்கொள்வது. அது 8 மணியாக இருந்தாலும் 10 மணியாக இருந்தாலும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளை தானே செய்யக்கூடிய எழுத்து வேலை, படம் வரைதல், கதைப்புத்தகம் ஆகியவற்றுக்கு நேரமே குறிப்பதில்லை. மருத்துவமனை வராந்தாவிலும் அவை நடக்கும். வாரம் ஒருமுறை சனிக்கிழமை மாலையில், அந்த வாரம் உண்மையில் என்ன நடந்ததோ அதை ஒரு நோட்டில் எழுதுவது. நடக்க வேண்டியதை முன்கூட்டி எழுதிவைத்து வருந்துவதைக் காட்டிலும், நடந்ததை எழுதி அடுத்த வாரத்தைத் திருத்திக்கொள்வது எளிது என்பதைப் பல குடும்பங்கள் ஒப்புக்கொண்டன.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். அங்கே சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் வேறெதுவும் ஓடாது. குழாய் திறந்ததும் தாயார் பிடித்துக்கொடுக்க, மூன்றாம் வகுப்பு வயதுள்ள மகள் குடங்களை எண்ணிக் கதவில் சுண்ணக்கட்டியால் ஐந்தைந்தாகக் கோடு போடுவாள். நம் திட்டத்துக்குப் பிறகு, ஒரு குடம் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்பதை அவள் கைப்பேசியில் பார்த்து எழுதத் தொடங்கினாள். மேல்மாடியில் தண்ணீர் திறந்தால் அந்த எண்ணிக்கை கூடுகிறது என்பதைத் தானே கண்டுபிடித்தாள். 500 லிட்டர் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கைத் தந்தையாரிடம் போட்டுக்காட்டி, அவர் போட்ட கணக்கைத் திருத்தவும் செய்தாள். அந்த நாளை அவர்கள் முன்பெல்லாம் பாழான நாள் என்றே சொல்லிவந்தார்கள். இப்போது நோட்டில் கணக்கு, ஒன்றரை மணி நேரம் என்று ஏறுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளையும் இவ்வாறே பலர் வெளிவேலைக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கிவிட்டனர். இரவுப் பணி பார்க்கும் தந்தையுள்ள இன்னொரு வீட்டில் காலைப் பாடம் என்பதே இல்லை. அவர் எழுந்து சாப்பிட்ட பிறகு, பிற்பகல் மூன்று மணிக்கு அறிவியல் தொடங்குகிறது. எந்த ஆய்வாளரும் வந்து ஏன் என்று கேட்கப்போவதில்லை.

இதைச் சோம்பேறித்தனத்துக்குக் கொடுத்த சான்றிதழ் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். நேரில் கேட்டிருந்தால் அன்றே பதிலளித்திருப்பேன். அட்டவணையைத் தளர்த்துவது என்பது எதையும் விட்டுவிடுவது என்றாகாது. கணக்கும் வாசிப்பும் ஒரு நாளும் தவறக்கூடாது என்பதை நான் எல்லாச் சுற்றறிக்கையிலும் எழுதியிருக்கிறேன். தேர்வுக்குப் போகும் பிள்ளைகளின் நிலை வேறு என்பதையும் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வியில் ஏ, பி, சி நிலைகள் முறையே 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையானவை. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் 9 வாய்ப்புகள் உண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் பொதுத்தேர்வு நடப்பதால் ஐந்து பாடங்களையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. தாயாருக்கு அறுவைச் சிகிச்சை நடந்த ஒரு குடும்பத்தில் மகன் மூன்று பாடங்களை ஏப்ரலில் எழுதிவிட்டு மீதியை அக்டோபருக்கு வைத்துக்கொண்டான்; பள்ளியில் இருந்திருந்தால் ஓராண்டே போயிருக்கக்கூடும். ஆனால் 20 விழுக்காடு மதிப்பெண்ணுக்கான ஒப்படைப்புகளின் கடைசி நாளும், தேர்வுக்குப் பதியும் கடைசி நாளும் யார் வீட்டு வசதிக்காகவும் நகரமாட்டா. அவற்றைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மற்றவற்றை வீட்டு வேலையோடு சேர்த்து நகர்த்திக்கொள்ளுங்கள்.

நோட்டு எழுதுமாறு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலே சொன்ன கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுவழிக் கல்வியைப் பெயர் சொல்லி அது அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. யாராவது கேட்டால் காட்டுவதற்கு நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இவ்வாண்டு பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளுக்கும் அந்த நோட்டுகள் கைகொடுத்தன. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வழிசெய்தாலும், தலைமையாசிரியர் முதலில் கேட்பது என்ன படித்திருக்கிறான் என்பதைத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு வருத்தமான சிலவற்றையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. மாதக் கூட்டங்களுக்கு வருவோர் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்துவருகிறது. கடைசிக் கூட்டத்தில் வாடகை நாற்காலிகளில் பாதியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினோம். வராததற்குக் கூறப்படும் காரணம்தான் என்னை அதிகம் புண்படுத்துகிறது. "வீட்டுச் சூழலுக்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னதே நீங்கள்தானே" என்கிறார்கள். பிள்ளையின் பாட நேரத்துக்குச் சொன்னதைச் சங்கக் கூட்டத்துக்கும் பொருத்திக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை நோட்டின் நகலை மாதம் ஒருமுறை அனுப்புவதாகக் கைதூக்கியவர்களில் இறுதிவரை அனுப்பியவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் செய்தியைப் படித்துவிட்டார்கள் என்பதற்கு இரண்டு நீல டிக்குகள் மட்டுமே சாட்சி. சங்கத்தின் நுண்ணோக்கி ஆகஸ்ட் முதல் ஒரு வீட்டிலேயே இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். அவையில் பெயர் சொல்வதாயில்லை.

கணக்கைப் பொறுத்தவரை, சந்தாவும் நன்கொடையும் சேர்ந்து வந்த தொகை அரங்க வாடகை, பயண வேன், அச்சுச் செலவு ஆகியவற்றுக்கு ஏறத்தாழச் சரியாகப் போயிற்று. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரங்களைப் பொருளாளர் தம் அறிக்கையில் அளிப்பார். சந்தா நிலுவை வைத்துள்ளோர் கணிசமானவர்கள். அவர்களில் சிலர் இரண்டாண்டு நிலுவையோடுதான் பயண வேனில் முன்வரிசையில் அமர்ந்தார்கள். இடையில் அரங்க முன்பணத்தைச் செயற்குழுவினர் சொந்தக் கையிலிருந்து கட்டியதையும், அதில் ஒரு பகுதி இன்னும் திரும்பவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

தலைவர் அவர்களின் வழிகாட்டுதலுக்கும், பொருளாளர் அவர்களின் பொறுமைக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் குழுவினருக்கும், அரங்கத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்தவர்களுக்கும், சுற்றறிக்கைகளைத் தட்டச்சு செய்து உதவிய மூத்த மாணவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் அட்டவணைத் திட்டத்தைத் தொடர்வதானால், புதிதாகச் சேரும் குடும்பங்களின் வீட்டுக்குச் சென்று, அவர்களது ஒரு வார வாழ்க்கையைப் பார்த்து, உட்கார்ந்து எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். தொலைபேசியில் சொல்லி இது ஆகாது. இதுவரை அதை நான் ஒருவரே செய்துவந்தேன். என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்களில் மூத்தவள் வரும் ஏப்ரலில் தேர்வு எழுதுகிறாள். இணைச் செயலாளர் பொறுப்பு இரண்டாண்டுகளாகக் காலியாக உள்ளது. அதற்கு எவரும் முன்வராத நிலையில் செயலாளர் பொறுப்பையும் காலியானதாக அறிவிப்பது குறித்துச் செயற்குழு யோசிக்க நேரிடும். அந்த யோசனை என்னிடமிருந்து வந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத் தாள்கள் வாசலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளன. சந்தா ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளரும் அதே மேசையில்தான் அமர்ந்திருக்கிறார். மதிய உணவு முடியும்வரை இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்