குடமிளகாய்க்கு மாங்காயின் பெயர்

அன்புள்ள கண்ணா,

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பை நிறையப் பச்சைக் குடமிளகாயைக் கொடுத்து ‘மாங்கோ’ என்றாராமே. வயதாகித் தடுமாறுகிறார் என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவில் இண்டியானா, ஒஹாயோ, பென்சில்வேனியா பக்கத்துப் பெரியவர்கள் பலர் குடமிளகாயை அப்படிச் சொல்லியே வளர்ந்தவர்கள். அந்தப் பெயர் நம் ஊறுகாய் ஜாடியிலிருந்து போனது.

அந்தக் காலத்தில் கப்பல் இங்கிருந்து இங்கிலாந்து போய்ச் சேர மாதக்கணக்காகும். பழுத்த பழம் தாங்காது. உப்பில் ஊறிய காய்தான் போய்ச் சேர்ந்தது. ருசி கண்டவர்கள், மாமரம் இல்லாத ஊரில் கையில் கிடைத்ததை ஊறுகாய் போட்டார்கள். ஜான் ஈவ்லின் என்ற ஆங்கிலேயர் சாலட்களைப் பற்றி 1699-ல் எழுதிய ‘அசிடாரியா’ என்ற புத்தகத்தில் ‘வெள்ளரிக்காய் மாங்கோ’ என்றே ஒரு செய்முறை இருக்கிறது. பெரிய பச்சை வெள்ளரியைக் கீறி, விதையைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பூண்டுப் பல்லை வைத்து, மிளகும் கிராம்பும் ஜாதிபத்திரியும் போட்டுக் கொதித்த வினிகரைச் சூட்டோடு ஊற்ற வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு நான் கீறி மசாலா அடைப்பேனே, கிட்டத்தட்ட அதே கைவேலை.

அப்புறம் முலாம்பழம், பீச் என்று எதை ஊறப்போட்டாலும் மாங்கோதான். அமெரிக்காவில் குடமிளகாய்க்குள் முட்டைக்கோஸைத் திணித்து, நூலால் கட்டி வினிகரில் போட்டார்கள். காலப்போக்கில் வினிகரும் முட்டைக்கோஸும் கழன்று, வெறும் குடமிளகாய்க்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்த்துகீசியர் மலபார்க் கரையில் கேட்ட பெயரை ‘மங்கா’ என்று எடுத்துப் போனார்கள். மலையாளத்து மாங்ங, நம் மாங்காய். உலகம் இன்று பழுத்த பழத்தையும் காயின் பெயரில்தான் அழைக்கிறது. அதே போர்த்துகீசியர் அமெரிக்கக் கண்டத்துக் காரக்காயை இங்கே கொண்டுவந்தார்கள். அதற்கு நாம் நம் மிளகின் பெயரைக் கொடுத்து மிளகாய் ஆக்கிக்கொண்டோம். அங்கே அதன் உறவுக்காரக் குடமிளகாய்க்கு நம் மாங்காயின் பெயர்! இரண்டு கரைகளும் கேட்டு வாங்காமலே பெயரை மாற்றிக்கொண்டிருக்கின்றன.

சின்னவளுக்கு இதைக் கதையாகச் சொல்லு. ‘மாங்காய்’ என்று தமிழில் எழுதவும் பழக்கு. போன கடிதத்தில் ‘ங்’ போடாமல் ‘மாகாய்’ என்று எழுதியிருந்தாள்.

அன்புடன்,
அம்மா