கரித்தூள் விவகாரம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

சம்பாவுக்கு நாற்று விடுகிற இந்த நேரத்தில் நம் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. இந்த ஆடியில் நான் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். காரணம் உங்களுக்கும் தெரியும். ஊர்க் குழுக்களில் சுற்றும் அந்த ஒலிப்பதிவை என் மைத்துனரே எனக்கு அனுப்பிவைத்தார்: "உயிர் உரம் என்று கரித்தூளை விற்கிறான்."

கறுப்பாக இருப்பது உண்மைதான். அது பழுப்பு நிலக்கரித் தூள், நெய்வேலியில் வெட்டுவார்களே, அதே சரக்கு. ஆனால் உரம் அந்தத் தூள் அல்ல, அதில் குடியிருக்கும் அசோஸ்பைரில்லம். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து நெல்லுக்குக் கொடுக்கும், கண்ணுக்கே தெரியாத உயிர் அது. அதை அள்ளி உங்கள் கையில் கொடுக்க முடியாது. ஈரம் காக்கிற ஒரு தூளில், புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புப் பொடி சேர்த்து, குடிவைத்துத்தான் கொடுக்க வேண்டும். கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணு இருக்க வேண்டும் என்பது அரசு விதி. 200 கிராம் பாக்கெட்டுக்கு ஆயிரம் கோடி. ஆயிரம் கோடியைக் கைமாற்றிவிட்டும் நான் வாடகைக் கடையில்தான் இருக்கிறேன்.

பதிவு போட்ட அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம் உண்டு. பாக்கெட்டை யூரியா, டிஏபி என்ற ரசாயன உரங்களோடு ஒரே சாக்கில் கொட்டிக் கலந்து, இரவு முழுவதும் வைத்திருந்து, மறுநாள் உச்சிவெயிலில் வீசியிருக்கிறார். அந்த உப்பில் எந்த உயிர் தங்கும்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்க வேண்டும். பாக்கெட்டைக் கொடுக்கும்போதே பக்குவத்தையும் சொல்லி அனுப்பும் தம்பி மாசியில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஆகவே எழுதியே தருகிறேன். நடவு வயலுக்கு ஏக்கருக்கு 4 பாக்கெட். 10 கிலோ மக்கிய தொழுவுரம், 10 கிலோ மண்ணோடு கலந்து நடவுக்கு முன் வெயில் தாழ வீசுங்கள். விதைக்கு என்றால் ஆறிய கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்துங்கள். பூஞ்சாணக்கொல்லி மருந்து கலந்த விதையானால் ஒரு நாள் இடைவெளி வேண்டும். யூரியாவே வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, கால் பங்கு குறைக்கலாம் என்றுதான் சொன்னேன்.

தையில் உளுந்துக்கு ரைசோபியம் என்ற இன்னொரு உயிர் உரம் வாங்கிய அக்கா ஒருவர், முப்பதாம் நாள் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துக் கடைக்கே கொண்டுவந்தார். வாளித் தண்ணீரில் வேரை அலசினோம். கடுகும் மிளகுமாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினேன், உள்ளே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு தெரிந்தால் வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம். வெளுத்திருந்தால் வேலை நடக்கவில்லை. நெல்லின் வேரில் இப்படி முடிச்சு விழாது. அசோஸ்பைரில்லத்துக்குச் சாட்சி சொல்ல ஆளில்லாமல் போனது அதனால்தான்.

ஒலிப்பதிவைக் கேட்ட பிறகும் வந்து, ஒன்றும் கேட்காமல், "எப்போதும் போல எட்டு பாக்கெட் கொடு" என்று வாங்கிப் போனவர்களை நான் மறக்கமாட்டேன். அப்பா காலத்திலிருந்து நம் கடைப் படி ஏறும் உங்களால்தான் அடுப்பு எரிகிறது.

போக்குவரத்துச் செலவு கூடிவிட்டதால் ஆடி 18 முதல் பாக்கெட்டுக்கு 5 ரூபாய் கூடுதல். மே மாதம் வந்த சரக்கில் இரண்டு பெட்டி சில நாள் பின்கட்டுத் தகரக் கொட்டகைச் சூட்டில் இருந்துவிட்டதால், அந்த மாதத் தேதி போட்ட பாக்கெட் யாரிடமாவது இருந்தால், பிரித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவந்து புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். பில் வேண்டாம். கடை காலை 7 மணிக்கே திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்