ஒன்பதாவது ஃபாரம்

ராயப்பேட்டை பைண்டிங் கடை பாய்க்கும், அங்கே ஃபாரம் மடிக்கும் அக்காக்களுக்கும், அச்சக அண்ணனுக்கும், மெய்ப்புப் பார்த்த ஐயாவுக்கும், கணினியில் பக்கம் அமைத்த டிடிபி தம்பிக்கும், மீன்பாடி வண்டிக்காரருக்கும் என் அன்பான வணக்கம்.

என் முதல் புத்தகம் நந்தனம் புத்தகக் காட்சிக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டது. புரட்டிப் பார்த்தவர்கள், "கையில் பிடிக்க நல்லா இருக்கு, விரித்து வைத்தால் அப்படியே நிற்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது எனக்குச் சேர வேண்டிய பாராட்டு இல்லை. ஜானி ஜான்கான் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டின் மேலே இருக்கும் அறைக்குச் சேர வேண்டியது. அதனால்தான் இந்த மடல்.

நான் முதல் தடவை அந்தப் படியேறி வந்தபோது உள்ளே ஒரே புழுக்கம். மின்விசிறி ஓடவில்லை. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தேன். காற்றடித்தால் அடுக்கி வைத்த தாளெல்லாம் கலைந்துவிடும் என்று அப்புறம்தான் புரிந்தது. காலையிலிருந்து மாலைவரை அந்த வெக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். மைதாப் பசையில் மயில்துத்தம் எதற்கு என்று கேட்டேன். "பூச்சி அரிக்காம இருக்கத்தான், தம்பி. நாங்க போட்ட புத்தகம் எங்களுக்கு அப்புறமும் இருக்கணும்ல" என்றார் பாய்.

என் புத்தகம் 240 பக்கம். பதினாறு பக்கம் அச்சான ஒரு பெரிய தாள்தான் ஒரு ஃபாரம். உங்கள் கணக்கில் அது 15 ஃபாரம். ஒரு ஃபாரத்துக்கு மூன்று மடிப்பு. 600 பிரதி என்றால் 27,000 மடிப்பு. அத்தனையும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையால் மடித்தவை. மூலையில் இருக்கும் பக்க எண்ணைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்து, எண்ணின் மேல் எண் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் மரக்கட்டையை வைத்து ஒரு நீவு நீவுவார் மூத்த அக்கா.

அப்படிப் பார்த்ததால்தான் என் புத்தகம் பிழைத்தது. "தம்பி, 137-க்குப் பின்னாடி 140 வருது, வந்து பாருங்க" என்று போன் வந்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. கடைசி நேரத்தில் இரண்டு பக்கங்களைத் திருத்தித் தனியாக அனுப்பியபோது இடம் மாற்றி அனுப்பியிருக்கிறேன். தவறு முழுக்க என்னுடையது. நானும் பார்த்தேன், நண்பர்களும் பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்தப் பக்கங்கள் இருந்த ஒன்பதாவது ஃபாரத்தை மட்டும் திரும்ப அடிக்க வேண்டும். டிசம்பரில் காலண்டர், டைரி வேலை கழுத்தை நெரிக்கும் சமயம். அச்சக அண்ணன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. புது பிளேட் போட்டு, ராத்திரி இரண்டு வேலைக்கு நடுவில் ஓட்டிக் கொடுத்தார். விடிந்ததும் மீன்பாடி வண்டியில் தாள் வந்து இறங்கியது. அக்காக்கள் வீட்டுக்குப் போகிற நேரம் தாண்டியும் உட்கார்ந்து மடித்தார்கள்.

மெய்ப்பு ஐயா களைந்த ஒற்றுப் பிழைகளுக்கும், டிடிபி தம்பி சலிக்காமல் ஏற்றிய திருத்தங்களுக்கும் தனி மடலே எழுத வேண்டும்.

புதுச்சேரியை 1761-இல் பிடித்தபோது ஆங்கிலேயர்கள் எடுத்துவந்த அச்சு இயந்திரம் சென்னை வேப்பேரிக்குப் போனது. 1779-இல் ஜெர்மன் பாதிரியார் ஃபப்ரீசியஸின் தமிழ்-ஆங்கில அகராதி அங்கேதான் அச்சானது. அவர் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. அதை மடித்துத் தைத்தவர்கள் பெயரைக் கேட்டால் சொல்ல ஆளில்லை. என் புத்தகத்திலும் பதிப்புரிமைப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர் மட்டும்தான் வந்திருக்கிறது. அதை நினைத்து வருந்துகிறேன்.

இந்த மடலிலாவது பெயர்களைப் போடலாமா என்று கேட்டதற்கு, மூத்த அக்கா சிரித்தார். "பேரு இருக்கட்டும் தம்பி, பொங்கலுக்கு முன்னாடி கணக்கை முடிச்சுக் கொடுத்துடுங்க" என்றார். சரி அக்கா. போகி அன்று காலை பாக்கியோடு வருகிறேன். ஒன்பதாவது படிக்கும் உங்கள் மகளுக்கு ஒரு பிரதி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் மடித்த பக்கத்தில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், 137-இல்.